எண்ணெய் காய்ந்தால் தரையாகும்: லினோலியம் பற்றி ஓர் அறிமுகம்

காங்கயம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தேங்காய் எண்ணெயின் குணம் அத்துபடி. எங்கள் ஊர்க் களங்களில் கொப்பரை வருடம் முழுக்கக் காயும். காற்றிலேயே எண்ணெய் வாசம் இருக்கும். அந்த எண்ணெய் மார்கழியில் வெள்ளை வெளேரென்று உறையும், பத்து மணி வெயில் பட்டதும் உருகிவிடும். மூடாமல் விட்டால் நாளாவட்டத்தில் காறிப்போகும். ஆனால் ஒன்றை மட்டும் அது செய்யாது. எத்தனை மாதம் திறந்து வைத்தாலும் மேலே தோல் கட்டாது. கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேய்த்து வைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்குத் தொட்டுப் பாருங்கள், அப்போதும் விரலில் எண்ணெய்தான் ஒட்டும்.

ஆளி விதை எண்ணெய் வேறு சாதி. நாட்டு மருந்துக் கடையில் பழுப்பாக, வழவழப்பாக, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு விதை கிடைக்குமே, அதுதான் ஆளி. அதன் எண்ணெயைப் பெயிண்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று டின்னில் விற்பார்கள். மரவேலை ஆசாரிகள் கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசுவார்கள். பையன்கள் புதுக் கிரிக்கெட் மட்டை வாங்கினால் முதல் வேலையாக இதைத்தான் தேய்ப்பார்கள்.

இந்த எண்ணெயைக் காயவைத்துச் செய்யும் தரைவிரிப்புதான் லினோலியம். அது என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் வரையறை சொல்வதில்லை. ஒரு சின்னச் சோதனையைச் செய்யச் சொல்வேன். இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து ஒன்றில் தேங்காய் எண்ணெயையும் மற்றதில் ஆளி எண்ணெயையும் மெல்லிசாகத் தடவி, தூசி படாமல் வெளிச்சமான ஜன்னலோரம் வைக்க வேண்டும். நான் வைத்தபோது மூன்றாம் நாள் ஆளி எண்ணெய் பிசுபிசுத்தது. ஒரு வாரம் தாண்டியதும் விரல் ஒட்டவில்லை. அப்புறம் பிளேடு நுனியால் ஓரத்தைக் கிளப்பினேன். வெங்காயச் சருகு மாதிரி, மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி ஒரு தோல் எழுந்து வந்தது. இழுத்தால் கொஞ்சம் நீண்டு, விட்டால் சுருங்கியது. பக்கத்துக் கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்தத் தோல்தான் லினோலியத்தின் உயிர். மீதி எல்லாம் அதற்குள் கலந்த மாவும் தூளும்தான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். தரையில் எப்படி ஒட்டுவது, எதைக்கொண்டு துடைப்பது, மிஞ்சிய துண்டை எப்படி வளைத்துப் பிள்ளைகளுக்குத் தொப்பியாக்குவது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வரும்.

ஏன் ஒன்று காய்கிறது, மற்றது காய்வதில்லை?

ஈரத் துணி காய்வதற்கும் ஆளி எண்ணெய் காய்வதற்கும் சம்பந்தமே இல்லை. துணி காயும்போது தண்ணீர் வெளியேறும், எடை குறையும். ஆளி எண்ணெய் காயும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும், எடை கூடும். எண்ணெய் மூலக்கூறுகளை நீளமான நூல்கள் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயின் நூல்கள் பெரும்பாலும் வழவழப்பானவை, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள அவற்றில் இடமில்லை. ஆளி எண்ணெயின் நூல்களில் பாதிக்கு மேல் ஒவ்வொன்றிலும் மூன்று கொக்கிகள் உண்டு. ஆக்சிஜன் வந்து அந்தக் கொக்கிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. நூலாக ஓடிக்கொண்டிருந்தது வலையாக மாறி நின்றுவிடுகிறது. ஒருமுறை வலையானால் திரும்ப உருகாது. இந்தக் கொக்கிகளின் அளவை அயோடின் எண் என்று குறிப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 10 அளவில் இருக்கும், ஆளி எண்ணெய்க்கு 170-ஐத் தாண்டும்.

இதே வேலை நம் அடுப்படியிலும் நடக்கிறது. புதுத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சுடவைத்து, மறுபடி தடவிப் பழக்குகிறோமே, கல்லின் மேல் கறுப்பாகப் பிடிக்கும் அந்தப் பளபளப்பு வலையான எண்ணெய்தான். புகைபோக்கி விசிறியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் அழிச்சாட்டியம் செய்யும் பழுப்புக் கறையும் அதுவே. கடலை எண்ணெய் சூட்டில் மெதுவாகச் செய்வதை ஆளி எண்ணெய் வெறும் காற்றிலேயே செய்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோதனை செய்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆக்சிஜனை இழுக்கும்போது ஆளி எண்ணெய் சூட்டை வெளியிடும். கண்ணாடியில் தடவினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒருமுறை கதவுக்கு எண்ணெய் பூசிய துணியை வாளியில் சுருட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது உள்மடிப்பு இட்லித் துணி மாதிரி சுட்டது. அன்றிலிருந்து துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீரில் முக்கி வைக்கிறேன்.

வால்டனும் பெயிண்ட் டப்பாவும்

பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் மேலே ஆடை கட்டியிருக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் என்ற இளைஞர் 1855-இல் அந்த ஆடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தக் காலப் பெயிண்ட் ஆளி எண்ணெயில் குழைத்தது. ஆடை ரப்பர் மாதிரி வளைந்தது. ரப்பருக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். அன்றைய இங்கிலாந்து வீடுகளில் பெயிண்ட் பூசிய கித்தான்தான் தரைவிரிப்பு. ரப்பரும் தக்கைத் தூளும் கலந்த விரிப்பு ஒன்றும் இருந்தது, ஆனால் ரப்பர் விலை கூடக் கூட அது கட்டுப்படியாகவில்லை. எட்டு வருட முயற்சிக்குப் பிறகு 1863-இல் லினோலியத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருடமே லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை எழுந்தது. பெயரையும் அவரே வைத்தார். லத்தீனில் லீனம் என்றால் ஆளிச் செடி, ஓலியம் என்றால் எண்ணெய்.

அவர் ஆலையில் எண்ணெயைக் காயவைத்த விதம் எனக்கு எப்போதும் எங்கள் களத்தை நினைவூட்டும். உயரமான கூடத்தில் மெல்லிய பருத்தித் துணிகளை மேலிருந்து தொங்கவிட்டு, அவற்றின் மேல் எண்ணெயை வழியவிடுவார்கள். ஒரு படலம் காய்ந்ததும் அடுத்தது. இப்படி மாதக் கணக்கில் படலத்தின் மேல் படலம் ஏறி, கட்டை விரல் தடிமனுக்குத் தோல் சேரும். அதை இறக்கி அரைத்து, பைன் மரப் பிசினோடு உருக்கிக் குழைப்பார்கள். பின்னாளில் பெரிய அண்டாக்களில் காற்றை ஊதிக் கலக்கும் முறை வந்து, மாத வேலை மணிக் கணக்குக்குச் சுருங்கிவிட்டது.

குழைத்த பிசினோடு தக்கைத் தூள், மர மாவு, சுண்ணாம்புக்கல் பொடி, நிறப்பொடி எல்லாம் சேரும். தக்கை என்பது போர்ச்சுகல் பக்கம் ஓக் மரத்திலிருந்து உரிக்கும் பட்டை. சுண்ணாம்புக்கல் நமக்குத் தெரியாததல்ல. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுத்த அதே கல் இனம்தான். இந்தக் கலவையைச் சூடான உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாவு மாதிரி தேய்த்து, சணல் துணியின் மேல் அழுத்திப் பதிப்பார்கள். பிறகு கோபுர உயரத்து அறைகளில் வளையம் வளையமாகத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று வாரம் வெதுவெதுப்பில் முதிரவிடுவார்கள். சணல் வங்காளத்திலிருந்து கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போனது. அங்கே கிர்க்கால்டி என்ற ஊர் லினோலியத்தின் தலைநகரமானது. ஊர் முழுக்க ஆளி எண்ணெய் வாடை அடிக்குமாம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், ஊர்க்காரர்களுக்கு அது சோற்றின் வாசம். கொப்பரைக் களம் இருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கிர்க்கால்டியில் நெய்ர்ன் என்ற நிறுவனம் 1877-இல் தானும் லினோலியம் செய்து, அதே பெயரில் விற்கத் தொடங்கியது. வால்டன் தரப்பு வழக்குப் போட்டது. 1878-இல் வழக்கு தோற்றது. அந்தப் பொருளுக்கு வேறு பெயரே மக்களிடம் இல்லாததால், லினோலியம் என்பது பொருளின் பெயராகிவிட்டது, ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது என்று தீர்ப்பானது. இந்தத் தீர்ப்பின் நீளமான நிழல் நம் ஊர்க் கடை வரைக்கும் வந்து விழுகிறது.

கடையில் கேட்டால் கிடைப்பது எது?

சில வருடங்களுக்கு முன் மாடி அறைக்குப் போடலாம் என்று கோவையில் ஒரு கடைக்குப் போனேன். “ஏனுங்க, லினோலியம் இருக்குங்களா?” என்றேன். “இருக்குதுங்க அம்மிணி, எத்தன டிசைன் வேணும்?” என்று கடைக்காரர் சுருள் சுருளாக விரித்துப் போட்டார். மரப் பலகை மாதிரி, மார்பிள் மாதிரி, ரோஜாப் பூ போட்டது என்று பத்து வகை. விலையும் சல்லிசு. ஒன்றை வாங்கி வந்து விரித்தேன். வீடு முழுக்கப் புது மழைக்கோட்டு வாடை. இரண்டாவது வருடம் வாசற்படியோரம் ரோஜாப் பூ தேய்ந்து, அடியிலிருந்து வெள்ளை தெரிய ஆரம்பித்தது. நான் வாங்கியது பிவிசி, அதாவது பிளாஸ்டிக் விரிப்பு. கடைக்காரர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை, அவருக்கும் அதன் பெயர் லினோலியம்தான். சுருளாக வந்து தரையில் விரிப்பது எல்லாம் நம் ஊரில் லினோலியம் என்றே ஆகிவிட்டது. ஆனால் பெயரை நம்பிப் பணம் கொடுக்கிறவருக்கு அது நட்டம். ஆகவே கையால் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் புரட்டிப் பாருங்கள். அசல் சரக்கின் முதுகில் கோணிச் சாக்கு மாதிரி சணல் நெசவு தெரியும். பிளாஸ்டிக்கின் முதுகு வழவழப்பாகவோ பஞ்சு நுரையாகவோ இருக்கும். அடுத்து வெட்டு ஓரத்தைப் பாருங்கள். அசலில் மேலே இருக்கும் நிறம் சணல் வரைக்கும் இறங்கியிருக்கும், அதனால்தான் தேயத் தேய அதே நிறம் தெரியும். பிளாஸ்டிக் விரிப்பில் படம் காகிதக் கனத்துக்கு மேலே மட்டும் அச்சாகி, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும். அந்தப் படலம் தேய்ந்தால் படமும் போச்சு. ஓரத்தைக் கத்தியால் சுரண்டினால் அசல் துகள் துகளாக உதிரும், பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். கடைசியாக மூக்கு. புதுக் கிரிக்கெட் மட்டையின் வாசம் வந்தால் அசல். சிலர் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள், அது வேண்டாம். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி இருக்கும், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

பிளாஸ்டிக் விரிப்பைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அதுதான் தோது, வாடகை வீட்டுக்கு அதுதான் கட்டுப்படி. 1950-களுக்குப் பிறகு மேல்நாடுகளிலேயே அது லினோலியத்தை ஓரங்கட்டியது. அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 1974-இல் லினோலியம் செய்வதையே நிறுத்திவிட்டது. செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்த பொருள் என்பதால் பின்னாளில் திரும்பவும் அதைத் தேடத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இன்றும் பரவலாகப் போடுகிறார்கள்.

நம் வீட்டுத் தரைக்கு ஆகுமா?

கொங்கு நாட்டு வீட்டுத் தரைகளுக்கு ஒரு வரிசை உண்டு. தோட்டத்துச் சாளையில் சாணி மெழுகிய மண் தரை. தொட்டிக்கட்டு வீட்டில் காவி போட்டுத் தேய்த்த சிவப்புச் சிமெண்டுத் தரை. அப்புறம் மொசைக், இப்போது டைல்ஸ். எங்கள் அப்பிச்சி வீட்டு ஆசாரத்தில் சிவப்புத் தரையை ஆத்தா தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பார், முகம் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம், வாளித் தண்ணீரைத் தாங்கும் என்பது. நோம்பிக்கு முன்னால் வீட்டைக் கழுவிவிடுவது நமக்குப் பழக்கம். குடம் குடமாக ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தள்ளி, வாசல் வழியாக வெளியே விடுவோம்.

லினோலியத்துக்கு இந்தப் பழக்கம் ஆகாது. உள்ளே இருப்பது மர மாவும் தக்கையும், அடியில் சணல். நின்ற தண்ணீர் இணைப்பு வழியாக இறங்கினால் சணல் ஊறி உப்பும், ஓரம் மேலே எழும்பும். குளியலறை, துணி துவைக்கும் இடம், அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியோரம், இந்த மூன்றுக்கும் வேண்டவே வேண்டாம் என்பேன். மாடியில் படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் அறை, தையல் அறை, இவற்றுக்கு இதைவிட இதமான தரை நான் மிதித்ததில்லை. வெறும் காலுக்கு டைல்ஸ் மாதிரி சில்லென்று இருக்காது, தக்கை இருப்பதால் காலடிச் சத்தமும் அடங்கும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அசல் சரக்கைச் சும்மா அடுக்கி வைத்திருப்பது அரிது. சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் பிளாஸ்டிக்கைவிடக் கூட.

போடுவதற்கு முன் தரை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பகுதி மழை மறைவுப் பகுதிதான், காற்றும் காய்ந்த காற்று. அதை நம்பி ஏமாறக் கூடாது. புதுக் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் மாதக் கணக்கில் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை வெறும் சிமெண்டுத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலையில் பார்க்கலாம். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். சுருளை ஒரு நாளாவது அந்த அறையிலேயே வைத்திருந்து பிறகு ஒட்டுவார்கள். ஒட்டியதும் கனமான உருளையை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, உள்ளே காற்று தங்காமல் அழுத்த வேண்டும். இதைப் பழகிய கைதான் செய்ய வேண்டும், நாமே செய்து பார்க்கிற வேலையல்ல.

புதிதாகப் போட்ட தரை மஞ்சளடித்திருந்தால் பயப்பட வேண்டாம். இருட்டில் முதிர்ந்த எண்ணெய்க்கு மஞ்சள் பூக்கும், வெளிச்சம் பட்டால் தானே போய்விடும். அலமாரி இருந்த இடத்தை நகர்த்திப் பார்த்தால் மறுபடி மஞ்சளாக இருக்கும், அதுவும் சில நாளில் சரியாகும்.

கழுவுவதற்கு என்ன பயன்படுத்தலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் நம் வீட்டுச் சோப்பிலேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெயோடு காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் சோப்பாகிறது. காரம் எண்ணெயை உடைத்துக் கரைய வைக்கிறது. லினோலியமும் எண்ணெய்தான். சலவைச் சோடாவோ, ப்ளீச்சிங் பவுடரோ, காரமான தரைத் திரவமோ ஊற்றினால், தரையின் மேல் அதே சோப்புக் காய்ச்சும் வேலை மெதுவாக நடக்கும். மேற்பரப்பு மெத்தென்றாகி, நிறம் மங்கி, சொரசொரப்பாகிவிடும். பாத்திரம் கழுவும் மென்மையான திரவத்தை ஓரிரு சொட்டு விட்டு, பிழிந்த துணியால் துடைத்தால் போதும். இப்படிப் பார்த்துக்கொண்டால் 25 முதல் 40 வருடம் வரை உழைக்கும் என்பார்கள். முன்பு போர்க்கப்பல்களின் தளத்திலேயே இதைப் போட்டிருந்தார்கள். பட்டாளக் கால்கள் மிதித்தும் தாங்கியது. பிறகு, தீப்பிடித்தால் எரியும் என்பதால் அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப் போரின்போது அதைப் பெயர்த்தெடுத்தது. எண்ணெய் எண்ணெய்தானே.

தொப்பிக்கு வருவோம்

எனக்குப் பிடித்த பகுதி இது. பள்ளிகளில் மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா, பட்டிப் பொங்கல் ஆட்டம் என்று எது வந்தாலும் தலைக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் அட்டையும் தங்கத் தாளும்தான். மேடை ஏறுவதற்குள் வியர்வையில் நனைந்து, கிரீடம் காதோரம் சாய்ந்துவிடும். லினோலியம் துண்டு அப்படித் தளராது. கடைகளில் தரை போட்டு மிஞ்சிய ஓரத் துண்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் அச்சு வெட்டுவதற்கான லினோ தகடு கிடைக்கும்.

ஆனால் முழுத் தொப்பியையும் இதில் செய்ய நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மி.மீ. லினோலியம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ எடை இருக்கும். பெரியவர் தலைக்கு 58 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்தில் ஒரு சுற்று, மேலே 9 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், 6 செ.மீ. அகல விளிம்பு என்று வைத்தால் மொத்தம் 300 கிராமைத் தாண்டிவிடும். பிள்ளையின் கழுத்து தாங்காது, காற்றும் உள்ளே போகாது. ஆகவே உடல் துணியில், அலங்காரம் லினோலியத்தில் என்று பிரித்துக்கொள்வேன். 52 செ.மீ. தலைச் சுற்றுள்ள பிள்ளைக்கு 4 செ.மீ. அகலப் பட்டை மட்டும் சுற்றினால் ஏறத்தாழ 50 கிராம்தான்.

துணிக்கு நம் ஊரில் பஞ்சமா! சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் வரும் காடா துணி மலிவு, தடிப்பாகவும் இருக்கும். அதில் கஞ்சி ஏறியிருக்கும் என்பதால் முதலில் வெந்நீரில் அலசி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மை உள்ளே பிடிக்காது. மேல் வட்டத்தின் அளவுக்குத் தலைச் சுற்றை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் வரும். 52-க்கு 8.3 செ.மீ., அதோடு தையலுக்கு ஒரு செ.மீ. விளிம்பு விறைப்பாக நிற்க, தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் பக்ரம் துணியை நடுவில் வைத்துத் தைத்தால் போதும்.

பட்டையை வளைப்பதில்தான் சூட்சுமம். குளிர்ந்த லினோலியத்தைத் திடீரென்று மடக்கினால் மேல்பக்கம் வெடிக்கும். வெட்டிய பட்டையை மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் போட்டால் வெல்லப்பாகு மாதிரி இளகாது, ஆனால் தோல் வார் மாதிரி சொன்னபடி கேட்கும். சணல் பக்கம் உள்ளே இருக்கும்படி, தலை அளவுள்ள ஒரு தூக்குப்போசியின் மேல் சுற்றி, நாடாவால் கட்டி, நிழலில் ஓர் இரவு வைத்தால் அந்த வளைவு தங்கிவிடும். கூர்மையான மடிப்பு வேண்டிய இடத்தில் மடிக்காமல், இரண்டு துண்டாக வெட்டிச் சேர்ப்பதே நல்லது. தைக்க வேண்டுமானால் குத்தூசியால் முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே போடுங்கள், அதற்கும் வெளியே போட்டால் பிட்டு மாதிரி உதிர்ந்து போகும். பூ, இலை, சூரியன் போன்ற வடிவங்களைச் சணல் பக்கம் வரைந்து, கூரான கத்தியால் ஒரே கீறலில் வெட்டாமல், மூன்று நான்கு முறை லேசாகக் கீறி எடுக்க வேண்டும். கீறும்போது இன்னொரு கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

தொப்பியில் லினோலியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதையே அச்சாக வெட்டித் துணியில் படம் போடலாம். மரத்தில் செதுக்கினால் நார் ஓடும் திசைக்குக் கத்தி இழுக்கும். லினோலியத்துக்கு நார் இல்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் கத்தி ஒரே மாதிரி ஓடும். அதனால்தான் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே ஓவியர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். தண்டி யாத்திரை நடந்த 1930-இல் ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய காந்தியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணி, தடியூன்றி முன்னே சாயும் உருவம், சில வெள்ளைக் கோடுகள். அது லினோலியத்தில் வெட்டியது. தரைக்குச் செய்த பொருளில் ஒரு நாட்டின் நடையே பதிந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

போன பட்டிப் பொங்கலுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆடிய பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தொப்பி செய்தோம். படம் காங்கயம் காளை, வேறென்ன! உள்ளங்கை அளவு லினோ துண்டில் காளையை வரைந்தேன். அச்சில் இடவலம் மாறும் என்பதால், வலப்பக்கம் பார்க்க வேண்டிய காளையை இடப்பக்கம் பார்க்க வைத்து வரைய வேண்டும். மார்கழிக் குளிரில் தகடு விறைத்துக் கிடந்தது. வெயிலில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, வி வடிவ உளியால் கோட்டையும், அகல உளியால் வெற்றிடத்தையும் எடுத்தேன். திமிலின் வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்பினால் கோடு உடையாமல் வரும். உளி ஓடும்போது பழுப்புச் சுருள்கள் எழும்பி உதிர்ந்தன, கூடவே அந்த மட்டை வாசம்.

மேசையில் பழைய சென்னிமலைப் போர்வையை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் காடா துணி. துணி மையை ரோலரால் அச்சில் மெல்லிசாகத் தடவி, கவிழ்த்து வைத்து, பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டினேன். முதல் இரண்டு காளைக்கு மை அதிகமாகிக் கொம்பு அடைத்துக்கொண்டது. மூன்றாவது காளை கொம்பும் திமிலுமாக நன்றாக நின்றது. ஒரு நாள் காய்ந்த பிறகு, மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் மை துவைத்தாலும் போகாது. பக்கத்து வீட்டுச் சின்னவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, லினோலியப் பட்டையைத் தட்டிப் பார்த்து, “அத்தை, இது மரமா, தோலா?” என்று கேட்டாள். “எண்ணெய், கண்ணு” என்றேன். நம்பவில்லை. ஜன்னலோரக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து அந்த மஞ்சள் தோலைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், பிறகு தொப்பியைக் கழற்றி அதையும் முகர்ந்தாள்.

வேலை முடிந்ததும் அச்சைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அடியில் சணல் இருக்கிறது. ஈரத் துணியால் மையைத் துடைத்துவிட்டு, தாள் சுற்றி, வெயில் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். வருடங்கள் ஆக ஆக எண்ணெய் மேலும் இறுகும், தகடு நொறுங்கலாகும். வெட்ட வாங்கிய லினோவை வாங்கிய வருடமே வெட்டிவிடுங்கள்.